தந்தி நீளமும் கைவிரலும்: கித்தார் வரலாற்றில் ஒரு நெடிய வழக்கு

கித்தார் பயிலத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே இரு துன்பங்களை அறிவார். தந்தியை அழுத்தி அழுத்தி இடக்கை விரல் நுனிகள் எரியும். சுண்டுவிரல் எட்ட வேண்டிய மெட்டை எட்டாது. பயிற்சி போதவில்லை என்பார் ஆசிரியர். தம் கை சிறியது, இக்கலை தமக்கு வாராது என்று மாணவர் உள்ளுக்குள் வருந்துவார். இவ்விரு முடிவுகளுக்கும் முன்னர் எழுப்பத்தக்க கேள்வி ஒன்று உண்டு. அவர் மடியில் இருக்கும் கருவி யாருடைய கைக்கு அளந்து செய்யப்பட்டது?

இன்று உலகெங்கும் செய்யப்படும் செவ்விசைக் கித்தாரின் தந்தி நீளம் பெரும்பாலும் 650 மில்லிமீட்டர். இவ்வளவை இயற்கை வகுக்கவில்லை. ஸ்பெயின் நாட்டுத் தச்சர் ஒருவரின் பட்டறையிலிருந்து பரவிய அளவு அது. அவருக்கு முன்னும் பின்னும் தந்தி நீளம் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. அம்மாற்றங்களை வரிசையாக நோக்கினால், ஓசை வேண்டும் என்ற செவிக்கும், இயன்ற அளவே நீளுவேன் என்ற கைக்கும் இடையே நடந்துவரும் வழக்கு ஒன்று புலப்படும்.

நீளமும் விறைப்பும்

கித்தாரின் மேற்பலகையில் ஒட்டியுள்ள குதிரையிலிருந்து, கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டு வரை உள்ள தொலைவே தந்தி நீளம் எனப்படும். தந்தியில் அதிர்ந்து ஒலிக்கும் பகுதி இதுவே. முறுக்காணியைச் சுற்றியிருக்கும் மிகுதி இதில் சேராது.

இந்நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை முறைப்படுத்தி உரைத்தவர் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென். 1636இல் தொடங்கி வெளிவந்த தம் இசை நூலில் அவர் காட்டிய விதிகள் மூன்று. தந்தி நீண்டால் சுருதி தாழும். விறைப்பு மிகுந்தால் சுருதி உயரும். தந்தி கனத்தால் சுருதி தாழும். இவற்றிலிருந்து கைக்கு நேரே பொருந்தும் முடிவு ஒன்று பிறக்கிறது. ஒரே வகைத் தந்தியை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டுமாயின், நீளம் கூடும்போது விறைப்பு அந்நீளத்தின் இருமடிப்படி கூட வேண்டும். எனவே நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட்டினால் விறைப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு கூடும். அளவுகோல் காட்டும் வேறுபாடு சிறிதாயினும் விரல் உணரும் வேறுபாடு அதனினும் பெரிது.

மெட்டுகளின் இடைவெளியும் இந்நீளத்தைப் பொறுத்ததே. கலிலியோவின் தந்தையாரும் லூட் என்னும் நரம்புக்கருவியில் வல்லவருமான வின்சென்சோ கலிலேயி, 1581இல் வெளியிட்ட நூலில் இதற்கு எளிய கணக்கொன்று தந்தார். தந்தி நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து அதில் ஒரு பங்கில் முதல் மெட்டை இடுக. எஞ்சிய நீளத்தை மீண்டும் பதினெட்டாகப் பகுத்து இரண்டாம் மெட்டை இடுக என்பது அம்முறை. இக்கணக்கின்படி பன்னிரண்டாம் மெட்டு நடுப்புள்ளிக்குச் சற்று முன்பே விழுந்துவிடும். இன்று பதினெட்டுக்கு மாறாக 17.817 என்னும் எண்ணைக் கொள்வர். ஆயினும் அடிப்படை ஒன்றே. நீளம் கூடினால் ஒவ்வொரு மெட்டும் அடுத்ததிலிருந்து விலகிப்போகும். ஆக, நீண்ட தந்தி கையிடம் இரு வரிகளைத் தண்டுகிறது: ஒன்று வலிமை, மற்றொன்று விரிவு.

நரம்பு விதித்த எல்லை

அங்ஙனமாயின் தந்தியைக் குறுக்கிவிடலாமே எனத் தோன்றும். பண்டை ஐரோப்பியக் கைவினைஞர்க்கு அவ்வுரிமை முழுதாக வாய்க்கவில்லை. அவர்கள் பயன்படுத்தியது ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பு. நரம்பு எந்தச் சுருதியில் அறும் என்பதை அதன் பருமன் முடிவு செய்வதில்லை. மெல்லிய நரம்புக்குக் குறைந்த விறைப்பே போதுமாயினும் அதன் வலிமையும் அதே அளவில் குறைந்துவிடும். எனவே அறும் சுருதியை முடிவு செய்வது நீளம் ஒன்றே. மேல்நரம்பை அறுந்துபோகாத அளவுக்கு உயர்த்திக் கட்டுக என்று பழைய லூட் பயிற்சி நூல்கள் கூறியமைக்குக் காரணம் இதுவே.

கீழ்நரம்புகளின் இடர் இதற்கு நேர்மாறானது. தாழ்ந்த சுருதிக்கு நரம்பு பருமனாக வேண்டும். பருத்த நரம்பு குறுகியிருந்தால் ஒலி மங்கும். ஆதலால் மேல்நரம்பு குறுகிய நீளத்தையும் கீழ்நரம்பு மிக நீண்ட நீளத்தையும் வேண்டின. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் எழுந்த தியார்போ என்னும் பெரிய லூட், இம்முரணைத் துணிவுடன் தீர்க்க முயன்றது. அதன் தலைப்பை ஆள் உயரத்துக்கு நீட்டி, விரலால் அழுத்த வேண்டாத கீழ்நரம்புகளை அங்கே கட்டினர். விரல் படும் நரம்புகளும் வழக்கத்தினும் நீண்டுவிட்டமையால் மேலிரு நரம்புகள் உரிய சுருதியைத் தாங்காமல் அறுந்தன. அவற்றை ஒரு தாயி தாழ்த்திக் கட்ட வேண்டியதாயிற்று. ஓசையை முன்னிட்டு நீளத்தைக் கூட்டியபோது சுருதி அமைப்பே மாறிவிட்டமைக்கு இது நல்ல சான்று.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்பின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் முறை பரவிற்று. பருமன் மிகாமலே கனம் மிகுந்தது. குறுகிய நீளத்திலும் தாழ்ந்த சுருதி தெளிவாக ஒலித்தது. கைக்கு ஆதரவாக வந்த முதல் பெருந்தீர்ப்பு இக்கண்டுபிடிப்பே எனலாம்.

அளவு நிலைபெறாத காலம்

வயலின் செய்வதில் நிகரற்றவர் எனப் போற்றப்படும் இத்தாலியக் கைவினைஞர் அந்தோனியோ ஸ்திராதிவாரி கித்தார்களும் செய்தார். அவற்றுள் எஞ்சி நிற்கும் சிலவற்றின் தந்தி நீளம் ஏறத்தாழ 74 செண்டிமீட்டர். இன்றைய கித்தாரினும் அவை ஒன்பது செண்டிமீட்டர் அளவுக்கு நீண்டவை. அக்காலத்தவர் கைகள் பெரியனவோ என ஐயுற வேண்டா. அக்கருவிகளில் ஐந்து இணை நரம்புகளே இருந்தன. அவையும் மெல்லியவை, தளர்வாகக் கட்டப்பட்டவை. விரிவு மிகுந்ததேனும் அழுத்தும் வலிமை குறைந்தது. நீளத்தை மட்டும் கொண்டு ஒரு கருவி எளிதா அரிதா என்று துணிதல் கூடாது என்பதை ஸ்திராதிவாரியின் கித்தார்கள் உணர்த்துகின்றன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தார் ஆறு தனித் தந்திகளைப் பெற்று இன்றைய வடிவை நெருங்கியது. வீட்டுக் கூடங்களிலும் சிறு அவைகளிலும் வாசிக்கப்பட்ட கருவி அது. லண்டனில் லூயி பனோர்மோவும் பாரிஸில் ரெனே லகோத்தும் செய்த கித்தார்களின் நீளம் ஏறத்தாழ 63 செண்டிமீட்டரே. சிறு கூடத்துக்குச் சிறு ஓசை போதும். சிறு ஓசைக்குக் குறுகிய தந்தி போதும்.

அதே காலத்தில் வியன்னா நகரில் தெர்ஸ் கித்தார் என ஒரு வகை விளங்கிற்று. வழக்கமான கித்தாரினும் மூன்று அரைச்சுரம் உயர்த்திக் கட்டப்படும் இதன் நீளம் ஏறத்தாழ 53 முதல் 56 செண்டிமீட்டர். 63 செண்டிமீட்டர்க் கித்தாரின் மூன்றாம் மெட்டில் விரலை வைத்தால் எஞ்சி ஒலிக்கும் நீளமும் 53 செண்டிமீட்டர்தான். உயர்ந்த சுருதியால் வாத்தியக் குழுவின் நடுவே அதன் குரல் தனித்துக் கேட்டது. மாவ்ரோ ஜூலியானி தம் மூன்றாம் கான்செர்ட்டோவை இக்கருவிக்கென்றே அமைத்தார். பெரிய ஓசைக்கு நீளத்தைக் கூட்டுவது ஒன்றே வழியன்று, நீளத்தைக் குறைத்துச் சுருதியை உயர்த்துவதும் ஒரு வழியே என்று வியன்னாக் கலைஞர் கண்டிருந்தனர்.

தோரெஸ் வகுத்த 650

தென்ஸ்பெயினின் அல்மேரியா நகரை அடுத்துப் பிறந்தவர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). தச்சுத் தொழிலிலிருந்து கித்தார்த் தொழிலுக்கு வந்த இவர், கருவியின் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மெலிதாக்கி, அதன் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மரச்சட்டங்களை ஒழுங்குற அமைத்தார். ஓசையின் உயிர் மேற்பலகையிலேயே உள்ளது என்பதை மெய்ப்பிக்க, 1862இல் பக்கங்களையும் முதுகையும் அட்டையால் செய்து ஒரு கித்தாரை உருவாக்கிக் காட்டினார். அது இன்றும் பார்சிலோனாவின் இசைக்கருவிக் காட்சிச்சாலையில் இருக்கிறது.

தோரெஸின் முழு அளவுக் கித்தார்களில் 650 மில்லிமீட்டர் நீளமே பெரிதும் காணப்படுகிறது. சிறிய கருவிகளையும் அவர் செய்தார். ஒரே அளவை எல்லார்க்கும் விதித்தவர் அல்லர். ஆயினும் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) போன்ற பெருங்கலைஞர் கையில் தோரெஸின் கித்தார் விளங்கியமையால், பின்வந்தோர் அதனையே மாதிரியாகக் கொண்டனர். கைவினைஞர் பலர் அவ்வளவை அப்படியே பின்பற்றினர். ஒரு பட்டறையின் பழக்கம் இவ்வாறு தொழிலின் இலக்கணமாயிற்று.

ஓசையைப் பெருக்க நீளத்தைப் பெரிதாகக் கூட்டாமல் பலகையைத் திருத்தினார் என்பதே தோரெஸின் பெருமை. பனோர்மோவின் அளவினும் அவர் நீட்டியது இரண்டு செண்டிமீட்டரே. கித்தாரின் குரலோ பன்மடங்கு செழித்தது.

அரங்கு பெருத்தபோது

20ஆம் நூற்றாண்டில் கித்தார் கூடத்தை விட்டுப் பெருமண்டபம் ஏறியது. ஏற்றியவர்களுள் தலையாயவர் ஆந்திரெஸ் செகோவியா (1893–1987). 1928இல் நியூயார்க் நகரில் வாசிக்கத் தொடங்கிய அவர், பல்லாயிரவர் கூடும் அரங்குகளிலும் ஒலிபெருக்கியை ஏற்க மறுத்தார். கடைசி வரிசையில் இருப்போர்க்கும் கேட்க வேண்டிய ஓசை முழுவதும் மரத்திலிருந்தும் தந்தியிலிருந்துமே வர வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது அறுவை மருத்துவத் தையலுக்கே குடல்நரம்பு தேவைப்பட்டமையால் இசைக்கலைஞர்க்கு அது அரிதாயிற்று. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கைவினைஞர் நைலான் இழையைக் கித்தார்த் தந்தியாக்கினார். செகோவியாவின் ஆதரவால் 1940களின் இறுதியில் அது சந்தைக்கு வந்தது. நரம்புபோல் எளிதில் அறாத நைலான், நீளத்தைக் கூட்டுவதற்கு இருந்த பழைய தடையைத் தளர்த்திவிட்டது.

தடை தளர்ந்ததும் நீளம் வளர்ந்தது. செகோவியா கால் நூற்றாண்டுக் காலம் கையாண்டது ஜெர்மானியராகிய ஹெர்மன் ஹவுசர் 1937இல் செய்த கித்தார். அதன்பின் மாட்ரிட் நகரத்து மூன்றாம் ஹோசே ராமிரெஸின் (1922–1995) கருவிகளையும் அவர் மேடையேற்றினார். ராமிரெஸ் தந்தி நீளத்தை 664 மில்லிமீட்டராக உயர்த்தினார். 1960களில் மேற்பலகைக்குச் செம்மரச் சாயலுடைய சீடர் மரத்தையும் புகுத்தினார். ஓசை திரண்டது, அரங்கு நிறைந்தது.

இதற்குக் கை செலுத்திய விலை எவ்வளவு? முதல் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடையே உள்ள தொலைவு 650 மில்லிமீட்டர்க் கருவியில் ஏறத்தாழ 97.6 மில்லிமீட்டர், 664 மில்லிமீட்டர்க் கருவியில் 99.7. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. விறைப்பில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் ஏற்றம். ஒரு முறை அழுத்தும்போது இது பெரிதாகத் தோன்றாது. ஒரு விரலைக் குறுக்கே கிடத்தி ஆறு தந்திகளையும் அழுத்தியவாறே மற்ற விரல்களை விரித்து, இரண்டு மணி நேரக் கச்சேரி முழுதும் வாசிப்போர்க்கு அது நன்றாகவே தோன்றும்.

செகோவியாவின் விரல்கள் பருத்தவை, வலியவை. அவர்க்கு ஏற்றது பிறர்க்கும் ஏற்கும் என்று பலர் நம்பினர். குருவின் கருவியையே மாணவரும் விரும்புதல் இயல்பு. பெருமேடை காணாத மாணவரும், வீட்டில் தனித்து மீட்டுவோரும் கூட, பெருமேடைக்கென நீட்டப்பட்ட தந்தியோடு போராடினர். அரங்கின் தேவைக்கு எழுந்த அளவு, அரங்கே இல்லாதவர் மேலும் சுமத்தப்பட்டது. காலப்போக்கில் தொழிலுலகம் 650க்கே மீண்டது. 640, 630 மில்லிமீட்டர்க் கருவிகளையும் தேர்ந்த கைவினைஞர் இன்று தயங்காமல் செய்கின்றனர்.

உருக்குத் தந்தியும் மின்விசையும்

அமெரிக்காவில் வழக்கு வேறு வடிவம் கொண்டது. அங்கே 1920களில் உருக்குத் தந்தி பரவிற்று. ஆறு நைலான் தந்திகளின் மொத்த விறைப்பு ஏறத்தாழ 40 கிலோ. உருக்குத் தந்திகளில் அது பெரும்பாலும் 70 கிலோ அளவில் இருக்கும். ஆதலால் நீளத்தில் நேரும் சிறு மாற்றமும் விரலுக்கு உடனே தெரியும்.

மார்ட்டின் நிறுவனத்தின் இரு வகைகள் இதற்குத் தக்க சான்று. பெரி பெக்டெல் என்னும் பாஞ்சோக் கலைஞர், உயர்ந்த மெட்டுகளைக் கை எளிதில் எட்டும்படி கழுத்து பதினான்காம் மெட்டில் உடலோடு சேரும் கித்தாரை வேண்டினார். 1929இல் ஓ.எம். என்னும் வகை பிறந்தது. அதன் தந்தி நீளம் 25.4 அங்குலம். 1934 முதல் அதே உடலமைப்போடு 24.9 அங்குல நீளத்தில் 000 வகை வந்தது. அரை அங்குல வேறுபாட்டால் விறைப்பு நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தது. ஒன்று தெளிவும் உறுதியும் உடையது என்றும், மற்றது மென்மையும் இழைவும் உடையது என்றும் வாசிப்போர் இன்றும் வேறுபடுத்திக் கூறுவர்.

மின்விசை வந்தபின் ஓசைக்காக நீளத்தைக் கூட்டும் தேவையே அற்றுப்போயிற்று. ஓசையைப் பெருக்கும் வேலையை ஒலிபெருக்கி ஏற்றது. அப்போதும் ஒரே அளவு நிலைபெறவில்லை. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950 முதல் செய்த மின்கித்தார்கள் 25.5 அங்குலம். கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் பால் கித்தார் 24.75 அங்குலம். ஒரே தந்தியைப் பூட்டினால் முன்னதில் விறைப்பு நூற்றுக்கு ஆறு பங்கு மிகுதி. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை உயர்த்தும் புளூஸ் இசையில் இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். தளர்ந்த தந்திக்கும் குறை உண்டு. வன்மையாக மீட்டினால் அது மெட்டில் உரசி இரையும். அழுத்தம் சற்று மிகுந்தாலும் சுருதி விலகும்.

ஃபெண்டர் நிறுவனம் 1956இல் பயில்வோர்க்கென 22.5 அங்குலக் கித்தார்களை வெளியிட்டது. 1951இல் அது செய்த மின்பாஸ் கித்தாரின் 34 அங்குலமும் கையை எண்ணிய அளவே. நின்று வாசிக்கும் பெரிய பாஸ் வயலினின் தந்தி நீளம் பெரும்பாலும் 41 அங்குல அளவில் இருக்கும்.

1960இல் ஹாம்பர்க் நகரில் ஜான் லெனன் வாங்கிய ரிக்கன்பாக்கர் கித்தாரின் நீளம் 20.75 அங்குலம், அதாவது 52.7 செண்டிமீட்டர். வியன்னாவின் தெர்ஸ் கித்தார் நீளத்தோடு இது ஏறக்குறைய ஒத்துவருகிறது. அன்று உயர்ந்த சுருதிக்காகக் குறுக்கப்பட்ட நீளம், இன்று வழக்கமான சுருதியிலேயே கை வசதிக்குப் பயன்பட்டது. மறுபுறம், டெக்சஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் 25.5 அங்குலக் கருவியில் மிகப் பருத்த தந்திகளைப் பூட்டி, சுருதியை அரைச்சுரம் தாழ்த்திக்கொண்டார். அரைச்சுரம் தாழ்ந்தால் விறைப்பு நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். நீளத்தைக் குறைக்க இயலாதபோது சுருதியைக் குறைத்துக் கைக்கு நீதி வழங்கிய முறை இது.

இரு நீளமும் ஒரே கருவியில்

மேல்தந்திக்குக் குறுகிய நீளம், கீழ்த்தந்திக்கு நெடிய நீளம் என்னும் பழைய முரணை ஒரே கருவியில் தீர்க்க இயலுமா? இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிய ஒர்ஃபேரியன் என்னும் கம்பிக்கருவியில் அதற்கு விடை இருந்தது. 1617இல் பிரான்சிஸ் பால்மர் செய்த ஒர்ஃபேரியனில் குதிரையும் மெட்டுகளும் சாய்வாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தந்திக்கும் நீளம் வேறு. அக்கருவி வழக்கிழந்தபின் அவ்வறிவும் நெடுங்காலம் உறங்கிற்று. 1989இல் அமெரிக்கரான ரால்ஃப் நோவக், விசிறிபோல் விரியும் மெட்டுகளுக்குக் காப்புரிமை பெற்றார். முதல் பார்வைக்கு விந்தையாகத் தோன்றினும், விரல்கள் விரியும் இயற்கைச் சாய்வுக்கு அம்மெட்டுகள் பல இடங்களில் இணங்கியே வருகின்றன.

வரலாறு தரும் தீர்ப்பு

நானூறு ஆண்டுச் செய்திகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தந்தி நீளம் கூடிய ஒவ்வொரு முறையும் அதற்கு அக்காலத்துக்குரிய காரணம் ஒன்று இருந்தது. மங்கிய கீழ்நரம்பு ஒரு காலத்தின் காரணம். பெருத்த அரங்கு மற்றொரு காலத்தின் காரணம். உலோகம் சுற்றிய நரம்பும் ஒலிபெருக்கியும் வந்தபோது அக்காரணங்கள் அகன்றன. காரணம் அகன்ற பின்னும் அளவு மட்டும் மரபாகி நின்றுவிடுவதுண்டு. அவ்விடத்தில்தான் கற்போர் வீணே வருந்துகின்றனர்.

சுருங்கிய நீளமே என்றும் சிறந்தது என்பதும் இதன் பொருளன்று. நீண்ட தந்தியின் தெளிவு குறுகியதற்கு வாராது. குறுகிய தந்தியின் இழைவு நீண்டதற்கு வாராது. கலைஞர் தாம் விரும்பும் ஓசையையும் தம் கை தாங்கும் அளவையும் சீர்தூக்கி அளவைத் தெரிந்துகொள்ளலாம். சிறுவர்க்குச் சிறு கருவி, சிறு கையினர்க்கு 640 அல்லது 630 மில்லிமீட்டர்க் கருவி என்பன இன்று கிடைப்பவையே. சுண்டுவிரல் மெட்டை எட்டாத மாணவரிடம் திறமை இல்லை என்று சொல்லும் முன், ஆசிரியர் ஒரு முறை அளவுகோலை எடுத்துக் குதிரையிலிருந்து கழுத்தின் தலைப்பு வரை அளந்து பார்த்தல் நன்று.